தொடுதோலும் செம்மண் பாதையும்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து தெற்கே சென்றால் ஆரோவில்லின் செம்மண் காடு எதிர்ப்படும். 2008-இல் தொடங்கிய ஆரோவில் மாரத்தான் அவ்வனப்பாதைகளுக்குப் பெயர் தேடித் தந்தது. அப்பாதையில் ஓட எத்தகைய காலணி ஏற்றது?

சங்கப் புலவர் செருப்பைத் 'தொடுதோல்' என்றனர். காலில் அணியும் தோல் என்பதே பொருள். மெத்தைக்கு அதில் இடமில்லை. இன்றைய 'ஜீரோ டிராப்' காலணியும் ஏறத்தாழ அதுவே. வழக்கமான ஓட்டக் காலணிகள் பலவற்றில் குதிகால் விரற்பகுதியினும் சுமார் 10 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். இதிலோ இரண்டும் சமம். வெறுங்காலுடன் வளர்ந்த நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இது புதுமையன்று, விலைதான் புதுமை!

வெறுங்காலோடிகள் பெரும்பாலும் முன்பாதம் ஊன்றுவதால் தாக்கம் குறைகிறது என டேனியல் லீபர்மன் குழுவினர் 2010-இல் எழுதினர். வணிகர் அதனினும் மிகுத்துரைத்தனர். காயம் குறையும் என்ற விளம்பரத்தால் எழுந்த அமெரிக்க வழக்கில், 37.5 இலட்சம் டாலர் தந்து தீர்த்துக்கொள்ள விப்ரம் நிறுவனம் 2014-இல் உடன்பட்டது.

ஆகவே விளம்பரத்தை விடுத்துக் காலணியைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். எளிதில் வளைகிறதா? விரல்கள் விரிய இடமுண்டா? நனைந்த செம்மண்ணில் வழுக்காத அடிப்பாகமா? மெல்லிய அடிப்பாகம் சரளைக்கல்லை உள்ளங்காலுக்கு உணர்த்தியே தீரும். குதிகால் தாழ்வதால் கெண்டைக்காலும் குதிநாணும் மிகுசுமை தாங்குகின்றன. உயர்ந்த குதிகாலுக்குப் பழகியவர் முதல் நாள் ஒரு கிலோமீட்டருடன் நிறுத்தி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே தக்கது.