இல்லாத காலில் வலி

அமெரிக்க உள்நாட்டுப் போரில் கையையோ காலையோ இழந்த வீரர்களுக்கு ஃபிலடெல்ஃபியாவில் வைத்தியம் பார்த்தவர் சைலஸ் வெயர் மிட்சல். புண் ஆறிய பிறகும் அவர்கள் அவரிடம் விசித்திரமான முறையீட்டோடு வந்தார்கள். வெட்டி எடுத்த பாதம் அரிக்கிறது, இல்லாத விரல்கள் முறுக்கிக்கொள்கின்றன என்றார்கள். 1866இல் இதை அவர் தன் பெயர் போடாமல் ஒரு சிறுகதையாக எழுதினார். அந்தக் கற்பனை வீரனை உண்மையான ஆள் என்று நம்பி வாசகர்கள் பணம் திரட்டினார்களாம். 1871இல் இந்த உணர்வுக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் மாய உறுப்பு என்று சொல்லலாம்.

உறுப்பு மாயம்தான், வலி மாயமல்ல. போர் முடிந்து வீடு திரும்பியவனைத் தூங்கவிடாத வலி அது.

எங்கிருந்து வருகிறது? நம் மூளையின் மேற்பரப்பில் உடலின் வரைபடம் ஒன்று இருக்கிறது. உதட்டுக்கும் விரல்களுக்கும் அதில் தாராளமான இடம், முதுகுக்குக் கொஞ்சம்தான். கண்ணிவெடி காலைப் பறிக்கலாம், வரைபடத்தில் காலுக்குரிய இடத்தை அதனால் பறிக்க முடியாது. மூளை அந்தக் காலுக்கு இன்னும் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பதில் வருவதில்லை. வெட்டுப்பட்ட நரம்பின் நுனிகளும் தாறுமாறான செய்திகளை அனுப்புகின்றன. வலி பிறப்பதற்கு இன்னும் என்னென்ன காரணங்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கலிஃபோர்னியாவில் இதை ஆராய்ந்தார். இல்லாத கை இறுக மூடிக்கிடக்கிறது, நகம் உள்ளங்கையில் குத்துகிறது, விரிக்க முடியவில்லை என்று சிலர் தவித்தார்கள். அவர் ஒரு நிலைக்கண்ணாடியை அவர்கள் முன் நெட்டுக்குத்தாக நிறுத்தி, இருக்கும் கையை அதன் ஒரு பக்கம் வைக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரிந்த பிம்பம், போன கை திரும்பி வந்ததுபோல் இருந்தது. இருக்கும் கையை விரித்தார்கள். இல்லாத கையும் விரிந்ததாகச் சிலர் உணர்ந்தார்கள். கண் சொன்னதை மூளை நம்பிவிட்டது! சில ரூபாய்க் கண்ணாடி ஒன்றால் இது நடந்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இராக் போரில் காலையோ பாதத்தையோ இழந்தவர்கள் வந்து சேர்ந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. சோதனையை முடித்தவர்கள் 18 பேர். ஆறு பேருக்குக் கண்ணாடி, ஆறு பேருக்குத் துணி போர்த்திய கண்ணாடி, மீதி ஆறு பேர் கண்ணை மூடிக்கொண்டு கால் அசைவதாக மனத்தில் நினைக்க வேண்டும். தினம் 15 நிமிடம், நான்கு வாரம். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்குமே வலி குறைந்தது. துணி போர்த்திய கண்ணாடிக்காரர்களில் ஒருவருக்கே குறைந்தது. மனத்தில் நினைத்தவர்களில் நால்வருக்கு வலி கூடியது. மிகச் சிறிய சோதனைதான். எல்லோருக்கும் இது பலிப்பதுமில்லை.

போருக்குப் போகாமலே சர்க்கரை நோயாலும் சாலை விபத்தாலும் காலை இழந்தவர்கள் நம் தெருக்களில் எத்தனையோ பேர். போன கால் வலிக்கிறது என்று அவர்களில் ஒருவர் சொன்னால், பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.