ஜரஸ்: மணியும் அதன் ஒலியும்

ஸஹீஹுல் புகாரீயின் தொடக்கப் பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் நம்மிடம் தவறாது எழுப்பும் வினா ஒன்றுண்டு. வஹீ எவ்வாறு வருகிறது என ஹாரிஸ் இப்னு ஹிஷாம் (ரலி) வினவியபோது, சில வேளைகளில் மணியோசை போன்று வரும், அதுவே தமக்கு மிகக் கடினமானது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கின்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமிலோ, மணி ஷைத்தானின் இசைக்கருவி என வந்துள்ளது. ஈரிடத்தும் சொல் ஒன்றே: 'ஜரஸ்'. இகழப்பட்ட பொருளை வஹீக்கு உவமையாக்குவது எங்ஙனம்?

சொல்லின் வேரிலிருந்து தொடங்குவோம். ஜீம், ரா, ஸீன் என்னும் மூன்றெழுத்தும் ஒலியையே குறிக்கும் என்பார் இப்னு ஃபாரிஸ் (மறைவு ஹிஜ்ரி 395). பிற பொருள்கள் அதிலிருந்து கிளைத்தவை. 'ஜர்ஸ்' என்பது மெல்லொலி. தேனீ பூவை உறிஞ்சுவதும் இவ்வினையாலேயே சுட்டப்படும். அன்னையரின் இல்லத்துத் தேன் பற்றிய ஹதீஸில், தேனீ உர்ஃபுத் மரத்தை நுகர்ந்தது என்பதற்கு வந்துள்ள சொல் 'ஜரஸத்' என்பதே. இலக்கியத் திறனாய்வாளர் சொல்லின் ஓசை நயத்தை 'ஜர்ஸ்' என்பர். உலகியலில் அடிபட்டுத் தேர்ந்தவன் 'முஜர்ரஸ்'. குற்றவாளியை மணியொலியுடன் ஊர்வலமாக்கி இழிவுபடுத்துதல் 'தஜ்ரீஸ்'. எகிப்தியர் பேச்சில் 'குர்ஸா' எனில் ஊரறிந்த அவமானம். பாரசீகக் கவிஞர்களுக்கோ ஜரஸ் பயணக்கூட்டத்தின் புறப்பாட்டு அழைப்பு. 1924இல் வெளிவந்த இக்பாலின் 'பாங்கே தரா' என்னும் உருதுத் தொகுப்பின் பெயரும் அம்மணியோசையையே குறிப்பது.

இனி வினாவுக்கு வருவோம். உவமையில் இரு பொருள்களும் எல்லாத் தன்மைகளிலும் ஒத்திருக்க வேண்டியதில்லை என்கிறார் இப்னு ஹஜர் (மறைவு ஹிஜ்ரி 852). மணியொலிக்கு வலிமை ஒரு பக்கம், கிளர்ச்சியூட்டும் இசைவு மறுபக்கம். உவமை வலிமையை நோக்கியது. வெறுப்பு இசைவை நோக்கியது. நாயகம் (ஸல்) அவர்கள் அதனைக் கடினமானது என்றது இவ்விளக்கத்திற்கு அரண் செய்வதாகவே நமக்குத் தோன்றுகிறது.

மேலும், ஹதீஸில் ஜரஸ் தனித்து வரவில்லை. 'ஸல்ஸலா' என்னும் சொல்லோடு சேர்ந்தே வந்துள்ளது. இரும்போடு இரும்பு மோதும் ஒலியே ஸல்ஸலா. மனிதன் படைக்கப்பட்டதாகக் குர்ஆன் கூறும், தட்டினால் ஒலிக்கும் காய்ந்த களிமண்ணாகிய 'ஸல்ஸால்' இதன் உறவுச்சொல். தமிழில் 'மணியோசை' என்றதும் இனிமையே முந்திக்கொள்கிறது. ஆதலால் வகுப்பில் நாம் 'மணியின் அதிர்வொலி' எனப் பெயர்த்துச் சொல்கிறோம்; அதிலும் இரும்பின் வன்மை முழுமையாக வந்தபாடில்லை.