ஊனமுற்ற சீமை முயலை ஏற்று வளர்த்தல்

கைவிடப்பட்டு மீட்கப்பெறும் சீமை முயல்களிற் சில, பின்னங்கால் செயலற்றும் பல் கோணியும் காணப்படும். புதுச்சேரி நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் இத்தகைய பிராணியை ஏற்க விரும்புவோர், முதற்கண் அது காட்டு முயலன்றென நிச்சயித்துக்கொள்ளல் வேண்டும். பிடரியிற் கருநிறமுள்ள காட்டு முயல் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பிற்குட்பட்டதாகலின், அதனை வனத்துறையினரிடமே ஒப்புவித்தல் வேண்டும்.

முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்வன. புல்லை மென்று அரைப்பதாலேயே தேய்வன. ஆகையால் அறுகு முதலிய பச்சைப் புல்லும் உலர்ந்த புல்லுமே ஆகாரத்திற் பெரும்பகுதியாதல் அவசியம். பல் கோணிய முயலுக்கு வைத்தியர் அவ்வப்போது பல்லைச் சீர்செய்தல் வேண்டும். அரை நாள் இரையெடாதிருப்பின் குடலியக்கம் நின்று உயிர்க்கே அபாயமாம்.

பின்னங்கால் செயலற்ற முயல் தன் சிறுநீரிலேயே கிடக்கும். தோல் புண்ணாகி, ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். நாள்தோறும் இருவேளை அடிப்பாகத்தைத் துடைத்துலர்த்திப் படுக்கையை மாற்றுக. தூக்குங்கால் பின்புறத்தைத் தாங்குக. துள்ளி உதைப்பின் முதுகெலும்பு முறிதலுமுண்டு.

முயலுக்கு வியர்வையில்லை, காதுகளின் வழியே உடற்சூடு பெரிதும் வெளியேறும். சித்திரை, வைகாசியில் புதுச்சேரி வெயில் 35 டிகிரிக்கு மேற்செல்லும். நிழல் நாடி நகரமாட்டாத பிராணிக்குக் காற்றோட்டமுள்ள கூரை நிழலும், எட்டுமிடத்தில் நீரும் இன்றியமையாதன.

நாய்களின் உண்ணிக்கு இடும் பிப்ரோனில் முயலுக்கு நஞ்சாம். ஆதலின் தாமே மருந்திடாது, குரும்பாபேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களிற் காட்டுக. முயல் 8 முதல் 10 ஆண்டு வாழவல்லது. இப்பணிகளை அத்தனை காலமும் செய்ய இல்லத்தாருள் ஒருவரேனும் உறுதிகொண்ட பின்னரே அதனை ஏற்றுக்கொள்ளல் தக்கது.