ஆயிரம் ஆண்டுகள் கழித்து யாரைப் பேசுவார்கள்?

மீலாத் விழா பேச்சுப் போட்டிக்காக என் மகனுக்கு இப்னுல் ஹைதம் பற்றி எழுதிக் கொடுத்தேன். பாடமாக்கி முடித்தவன் கேட்டான்: "வாப்பா, இவங்க மௌத்தாகி ஆயிரம் வருஷமாகிட்டு. இப்ப உயிரோட இருக்கிறவங்கள்ல யாரைப் பத்தி இப்பிடிப் பேசுவாங்க?" உடனே பதில் சொல்ல எனக்கு முடியவில்லை.

இப்னுல் ஹைதம் இன்றும் நினைவுகூரப்படுவது அவர் வகித்த பதவிக்காக அல்ல. கண்ணிலிருந்தே ஒளி புறப்படுகிறது என்று பேரறிஞர்கள் பலர் நம்பியிருந்த காலம் அது. பொருட்களிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் நாம் பார்க்கிறோம் என்பதை அவர் பரிசோதனைகளோடு விளக்கினார். பின்வந்தோர் அந்த வழியில் மேலும் நடந்தார்கள். பிறர் தொடர்ந்து நடக்க ஒரு பாதையை விட்டுச் செல்பவரின் பெயர்தான் நிலைக்கிறது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, இன்று வாழ்வோரில் சிலர் என் நினைவுக்கு வந்தனர்.

முதலாமவர் ஹங்கேரியில் பிறந்த கட்டலின் கரிக்கோ. தந்தை இறைச்சி வெட்டும் தொழில் செய்தவர். உடலின் கலங்களுக்குச் செய்தி கொண்டு செல்லும் எம்.ஆர்.என்.ஏ.யை மருந்தாக்கலாம் என்று இவர் நம்பினார். ஆய்வுக்கு நிதி கிடைக்கவில்லை. 1995 இல் பணியாற்றிய பல்கலைக்கழகமே இவரைப் பதவியிறக்கியது. ஆனாலும் விடவில்லை. எம்.ஆர்.என்.ஏ. உடலுக்குள் சென்றதும் ஏற்படும் அழற்சியைத் தவிர்க்கும் வழியை 2005 இல் ட்ரூ வைஸ்மனுடன் சேர்ந்து வெளியிட்டார். பைசர், மொடர்னா தடுப்பூசிகள் அதன்மீதே எழுந்தன. 2023 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கொவிட் காலத்தை ஜனாஸா எரிப்பின் வலியோடு நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதே காலத்தைக் கடக்க உதவிய இந்தப் பெண்ணின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்து ஜெனிபர் டவுட்னாவும் இமானுவேல் சார்பென்டியரும். பக்டீரியாக்கள் வைரசுகளிடமிருந்து தம்மைக் காக்கும் முறையிலிருந்து, மரபணுவை விரும்பிய இடத்தில் வெட்டித் திருத்தும் 'கிறிஸ்பர்' கருவியை 2012 இல் உருவாக்கிக் காட்டினார்கள். அதன் வழியே வந்த தலசீமியாச் சிகிச்சைக்கு 2023 இல் பிரித்தானியா அனுமதியளித்தது. வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியாப் பிள்ளைகள் நமது நாட்டிலும் இருக்கிறார்கள். இன்று அந்தச் சிகிச்சையின் செலவு கோடிக்கணக்கில். என்றாலும் பாதை திறந்துவிட்டது.

மூன்றாவதாக ஒமர் யாகி. 1965 இல் அம்மானில், பலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோருக்கு எழுத வாசிக்கத் தெரிந்தது மிகக் குறைவு. கால்நடைகளோடு பகிர்ந்துகொண்ட ஒற்றை அறைதான் வீடு. பின்னாளில் இவர் உலோக அயன்களையும் சேதன மூலக்கூறுகளையும் இணைத்து, உள்ளே எண்ணற்ற நுண்ணறைகள் கொண்ட பளிங்குகளை உருவாக்கினார். அவற்றில் ஒன்றை ஓரிரு கிராம் எடுத்தால், அதன் உட்பரப்பு ஒரு உதைபந்தாட்ட மைதானம் அளவு இருக்கும். அத்தகைய பளிங்குகளைக் கொண்டு பாலைவனக் காற்றிலிருந்தே தண்ணீர் எடுத்துக் காட்டியது இவரது குழு. சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ரொப்சன் ஆகியோருடன் 2025 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

வருங்காலம் யாரை நினைவில் வைக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். நான் சொன்னது என் கணிப்பு மட்டுமே. ஆனால் யாகியின் கதையில் ஒரு விடயம் என்னை விடவில்லை. வழமையாகப் பூட்டிக் கிடக்கும் பாடசாலை நூலகத்துக்குள் பத்து வயதில் ஒருநாள் நுழைந்து, கையில் எடுத்த புத்தகத்தில் மூலக்கூறுகளின் படங்களைக் கண்டதே அவரது தொடக்கம்.

நாம் நமது பிள்ளைகளை இசட் புள்ளியால் அளக்கிறோம். மருத்துவமும் பொறியியலும் கிடைக்காவிட்டால் தோல்வி என்கிறோம். ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்ற பிள்ளையிடம், "அதுல என்ன சம்பளம்?" என்று கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன்.

முன்னோரின் பெருமையை மேடையில் பேசுவது நல்லதுதான். அந்த மேடையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைக்கு நமது பாடசாலை நூலகம் திறந்திருக்கிறதா என்பதையும் பெற்றோரும் பழைய மாணவர்களும் இந்த வாரமே ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.