'பல்லேலக்கா'வுக்கு ஒரு தனிப் பக்கம்?

என் மகளின் ஹைஸ்கூல் கொயரில் இந்தக் குளிர்காலக் கச்சேரிக்கு ஒரு தமிழ்ப் பாட்டு. 2007-இல் வந்த 'சிவாஜி' படத்தின் 'பல்லேலக்கா'. ரஹ்மான் இசை, நா. முத்துக்குமார் வரிகள், எஸ்.பி.பி. குரல். அதைக் கொயருக்காக மாற்றி எழுதியவர் ஈத்தன் ஸ்பெரி, போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கொயர் நடத்துபவர். ரஹ்மானின் 'ஜிக்ர்' பாட்டையும் இப்படி எழுதியிருக்கிறார். ஆரிகனில் இருக்கும் 'எர்த்சாங்ஸ்' பதிப்பகம் இதன் இசைத்தாளை விற்கிறது. அமெரிக்காவில் பல பள்ளி, கல்லூரிக் கொயர்கள் இதைப் பாடுகின்றன. ரிகர்சலில் எல்லோருக்கும் தமிழ் உச்சரிப்புச் சொல்லிக்கொடுக்கும் வேலை இவளுக்கு வந்தது. வீட்டில் தமிழ்ல பேசுன்னா முகத்தைச் சுளிக்கிற அதே பெண்தான்!

அந்த வேகத்தில், "அம்மா, இந்தக் கொயர் வெர்ஷனுக்கு விக்கிப்பீடியாவுல நானே ஒரு கட்டுரை எழுதப் போறேன்" என்றாள். எழுதலாமா கூடாதா என்று ரெண்டு வாரம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் வழக்கு நடந்தது.

கணக்குத் தொடங்கின உடனே ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுப் பக்கம் திறக்க முடியாது. 4 நாளும் 10 திருத்தங்களும் ஆக வேண்டும். அது சின்ன வேலி. பெரிய வேலி 'குறிப்பிடத்தக்கமை'. பாட்டு நல்லா இருக்கா, எத்தனை பேர் பாடினாங்க என்று அங்கே கேட்பதில்லை. அந்தப் பாட்டோடு சம்பந்தமில்லாத, நம்பகமான ஆட்கள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா? இதுதான் கேள்வி.

சரி, ஆதாரத்தைக் கொண்டு வான்னேன். பதிப்பகத்தின் விற்பனைப் பக்கம் கொண்டு வந்தாள். விற்கிறவர் சொல்வது சாட்சி ஆகாது. யூடியூப் வீடியோக்களைக் காட்டினாள். அவை பாடினதற்குச் சாட்சி. பாட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. கச்சேரி நிகழ்ச்சி நிரலில் வரும் குறிப்பு பாடுகிறவர்களே எழுதிக்கொள்வது. உள்ளூர்ப் பேப்பரில் "இந்தப் பாட்டோடு நிகழ்ச்சி முடிந்தது" என்று ஒரு வரி இருந்தால், அது போகிற போக்கில் சொன்னது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ நம்ம பாட்டு முக்கியமில்லையா?"

ஒப்பிட்டுப் பார்க்க ரெண்டு பாட்டை எடுத்தோம். ஒன்று கிறிஸ்டோபர் டின்னின் 'பாபா யேட்டு'. 'சிவிலைசேஷன் 4' என்ற வீடியோ கேமுக்காக 2005-இல் எழுதின ஸ்வாஹிலி மொழிப் பாட்டு. 2011-இல் கிராமி வாங்கியது. கேமுக்காக எழுதின இசைக்கு அதுதான் முதல் கிராமி. அதில் வழக்கே இல்லை.

மற்றது எரிக் விட்டேக்கரின் 'ஸ்லீப்'. உங்க பிள்ளைகள் கொயரில் இருந்தால் அநேகமாகக் கேட்டிருப்பீங்க. முதலில் ராபர்ட் ஃப்ராஸ்ட் கவிதை ஒன்றுக்கு அமைத்த இசை அது. கவிதையின் உரிமை வைத்திருந்தவர்கள் அனுமதி தரவில்லை. இசை வீணாகக் கூடாதென்று சார்ல்ஸ் ஆன்டனி சில்வெஸ்ட்ரி அதே சந்தத்துக்குப் புது வரிகள் எழுதினார். 2011-இல் 58 நாடுகளிலிருந்து 2,000-க்கும் மேற்பட்ட வீடியோக்களைச் சேர்த்து இணையக் கொயராக வெளியிட்டார்கள். எழுதுகிறவர்களுக்கு அதில் கதை இருந்தது, எழுதினார்கள். பாட்டு ஒரு படி உசத்தி என்பதால் மட்டும் பக்கம் கிடைக்கவில்லை.

மகள் சொன்ன ஒரு வாதத்தை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. பாடல்களுக்கான விதி, ஹிட் பட்டியல், விருது, பல கலைஞர்களின் தனித்தனி வெளியீடு என்று பார்க்கிறது. ஸ்கூல் ஸ்கூலாகப் பாடப்படும் கொயர் பாட்டு எந்தப் பட்டியலில் ஏறும்? அளவுகோல் பாப் இசைக்குத் தைத்த சட்டை. கொயருக்கு அது பிடிக்கத்தான் செய்கிறது.

சென்னையில் எம்.பி. சீனிவாசன் என்றொருவர் இருந்தார், 1988-இல் மறைந்தார். மெட்ராஸ் யூத் கொயரை நிறுவியவர். அந்தக் கொயர் பாடின பாட்டு ஒன்றுக்கு இன்றைக்குப் பக்கம் எழுத உட்கார்ந்தாலும் இதே தேடல்தான். ஆனால் அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. ஆதாரம் ஆங்கிலத்தில் இருக்கணும், இணையத்தில் இருக்கணும் என்று விதி இல்லை. பழைய தமிழ்ப் பத்திரிகையின் விமர்சனமும் செல்லும். (சங்கத்து ஆண்டு மலர் செல்லாது. அது நாமே நம்மைப் பாராட்டிக்கொள்வது.)

கடைசியில் நான் சொன்ன தீர்ப்பு: தனிப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம். படப் பாடல்களின் பக்கத்திலோ ஸ்பெரியின் பக்கத்திலோ கொயர் வடிவம் பற்றி ரெண்டு வரி, ஆதாரத்தோடு; யாராவது தேடினால் அங்கே கொண்டுபோக ஒரு வழிமாற்று. ஆதாரம் இல்லாமல் தனிப் பக்கம் போட்டால் யாராவது நீக்கச் சொல்லி உரையாடல் தொடங்குவார்கள். அது வழக்கமா 7 நாள் ஓடும். ஓட்டு எண்ணிக்கை பார்க்க மாட்டார்கள், வாதத்தைத்தான் பார்ப்பார்கள். கொயர்ப் பிள்ளைகள் முப்பது பேர் வந்து "இருக்கட்டும்" என்று எழுதினாலும் பலன் இல்லை.

அவள் முழுசா ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கக் கொயர் நடத்துநர் சங்கத்தின் 'கோரல் ஜர்னல்' பழைய இதழ்களிலும், இசைத் துறை முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் ஸ்பெரி மாற்றி எழுதின இந்தியப் பாட்டுகளைப் பற்றி யாராவது பக்கக் கணக்கில் எழுதியிருக்கிறார்களா என்று ஸ்கூல் லைப்ரரியனோடு உட்கார்ந்து தேடுகிறாள். ரெண்டு நல்ல ஆதாரம் கிடைச்சா வழக்கை மறுபடி எடுக்கணும் என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள்.