டிரையர் ஓடவில்லையா? பஞ்சைப் பாருங்கள்

ஜனவரி மாதத்து டொரொன்டோவில் துணியைக் கொடியில் போட்டால் அப்பளம் மாதிரி விறைத்துப்போகும். இங்கே வீட்டுக்கு வீடு பேஸ்மென்டில் டிரையர் நிற்பது அதனால்தான். போன குளிர்காலத்தில் ஓர் இரவு, எங்கள் வீட்டு டிரையர் பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிட்டது. உள்ளே ஈரம் சொட்டும் குழந்தைகளின் பனியுடுப்பு. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் காதைத்தான் தீட்டிக்கொள்ள வேண்டும். ‘ம்ம்ம்’ என்று உறுமினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, ஆனால் அதனால் சுழல முடியவில்லை என்று பொருள். காற்றாடியில் ஏதாவது சிக்கியிருக்கலாம், மோட்டாரே பழுதாகியிருக்கலாம். உறுமல்கூட இல்லையென்றால் மின்சாரம் வழியிலேயே எங்கோ நின்றுவிட்டது.

அந்த வழி ஓர் ஒற்றையடிப் பாதை. பிரேக்கர், கதவு ஸ்விட்ச், வெப்ப ஃபியூஸ், ஸ்டார்ட் பொத்தான் எல்லாவற்றையும் தாண்டித்தான் மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது. சில மாடல்களில் பெல்ட் அறுந்தாலும் பாதையை மூடிவிடும் ஸ்விட்ச் ஒன்று உண்டு. எந்த ஓரிடத்தில் அறுந்தாலும் மௌனம்தான்.

கனடாவில் டிரையருக்கு 240 வோல்ட். தலா 120 வோல்ட் தரும் இரண்டு கம்பிகள் 30 ஆம்பியர் இரட்டை பிரேக்கர் வழியாக வருகின்றன. சூடாக்கும் கம்பிச்சுருளுக்கு இரண்டும் வேண்டும். பெரும்பாலான டிரையர்களில் மோட்டாருக்கு ஒன்று போதும். அதனால் ஒரு கம்பி போனால் டிரம் சுற்றும், சூடு வராது; மற்றது போனால் எதுவுமே நடக்காது. விழுந்த பிரேக்கர் சில சமயம் பார்வைக்கு ஆனில் இருப்பதுபோலவே தெரியும். முழுதாக ஆஃப் செய்து திரும்பப் போட்டுப் பாருங்கள். மறுபடி விழுந்தால் அதோடு நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீட்டில் பிரேக்கர் சரியாக இருந்தது. கதவு ஸ்விட்சை விரலால் அழுத்தினேன், ‘டக்’ என்றது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்தகட்டைக் கழற்றினேன். காற்றுப் போகும் பாதையின் மேல் கட்டைவிரல் அளவில் வெள்ளையாக ஒரு துண்டு, இரண்டு கம்பிகள். அதுதான் வெப்ப ஃபியூஸ். கம்பிகளைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். நல்ல ஃபியூஸ் என்றால் ‘பீப்’ வரவேண்டும். வரவில்லை.

சூட்டை ஏற்றி இறக்கிக் கட்டுக்குள் வைப்பது தெர்மோஸ்டாட்டின் வேலை. அதையும் மீறிச் சூடு ஏறினால் கடைசிக் காவல் இந்த ஃபியூஸ். பரவலாக விற்கும் ஒரு வகை 91 டிகிரி செல்சியஸில் அறுந்துவிடும். அறுந்தால் அறுந்ததுதான், மீளாது. விலை சொற்பம். அது கையில் இல்லாதபோது இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கிவிட்டால் ஓடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஓடும்தான். தயவுசெய்து செய்யாதீர்கள். அடுத்த முறை சூடு மிஞ்சும்போது தடுக்க எதுவும் இருக்காது.

ஃபியூஸ் ஏன் அறுந்தது என்பதுதான் கேள்வி. சூடான காற்று துணியின் ஈரத்தைச் சுமந்துகொண்டு 4 அங்குலக் குழாய் வழியாக வெளியே போக வேண்டும். துணி உருளும்போது உதிரும் பஞ்சுப் பிசிறில் பெரும்பங்கை வடிகட்டி பிடித்துக்கொள்ளும். மிச்சம் குழாயில் படியும். படியப் படியக் காற்று திணறும், சூடு உள்ளேயே தங்கும். அந்தப் பஞ்சோ ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். 2008 முதல் 2010 வரையிலான அமெரிக்க அரசின் தீயணைப்புத் துறைக் கணக்கில், ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ விபத்துகள் டிரையரால் நேர்ந்தவை. முதல் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது.

இரண்டு வாரமாகவே துணி ஈரமாக வெளியே வந்துகொண்டிருந்தது. நான் இரண்டாம் முறை ஓட்டிச் சமாளித்தேனே ஒழிய, ஏன் என்று பார்க்கவில்லை. அப்போதே பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பனியில் இறங்கி வெளிச்சுவருக்குப் போனேன். குழாய் வாயில் இருக்கும் மூடி விரல்கடை அளவுக்குமேல் திறக்கவில்லை. கையை விட்டதும் கம்பளித் துண்டு போலச் சாம்பல் நிறப் பஞ்சு கொத்தாக வந்தது. குழாய் முழுவதையும் தூரிகை விட்டுத் துடைத்து, புது ஃபியூஸைப் பொருத்தி ஓட்டிவிட்டு மறுபடி வெளியே வந்து கையை நீட்டினேன். மூடி முழுதாகத் தூக்கி நின்றது. வெதுவெதுப்பான காற்று ஆவியாக முகத்தில் அடித்தது. அன்று பனியுடுப்பு ஒரே ஓட்டத்தில் காய்ந்தது.