நீரின் அழுக்கை ஒளியால் அளத்தல்

சர்க்கரை ஆலையின் கழிவுநீர் ஆற்றில் கலந்தால் மீன்கள் செத்து மிதப்பதுண்டு. சர்க்கரை நஞ்சா? அன்று. கழிவிலுள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் உண்ணும்போது, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவையும் தீர்த்துவிடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. ஆகவே, ‘இந்நீர் எவ்வளவு பிராணவாயுவை விழுங்கும்?’ என்பதே நீரைச் சோதிப்போரின் முதற் கேள்வி.

நுண்ணுயிர்களையே உண்ணவிட்டு அளக்கும் சோதனைக்கு 5 நாட்கள் வேண்டும். அதற்குள் கழிவு நெடுந்தூரம் ஓடிவிடும். பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து 150 டிகிரி சென்டிகிரேடில் சூடாக்கினால் 2 மணி நேரத்தில் விடை கிடைக்கும். ஆனால் குரோமியமும் பாதரச உப்பும் எஞ்சும். நீரின் தூய்மையை அறியப் புறப்பட்டு நஞ்சைச் சேர்த்துக்கொள்வது விந்தைதான்!

இங்கே ஒளி துணைக்கு வருகிறது. கரைசலில் மூழ்கிய தகடுகளில் ஒளி பட்டால் மின்னோட்டம் எழுவதை 1839-இல் எட்மண்ட் பெக்கரல் என்ற பிரெஞ்சு இளைஞர் கண்டார். 1972-இல் ஜப்பானியரான பூஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டேனியம் டை ஆக்ஸைடு மின்வாயின்மீது ஒளி பாய்ச்சி நீரைப் பிரித்துக் காட்டினர். இது வேறெதுவுமன்று, சுவர்ப் பூச்சுக்கு வெண்மை தரும் பொருளே. இதன்மீது புற ஊதாக் கதிர் விழுந்தால் ஓர் எலெக்ட்ரான் துள்ளி எழுகிறது. அதன் இடத்தில் ஒரு ‘துளை’ ஏற்படுகிறது. அத்துளைக்குத் தீராப் பசி. அருகில் வரும் கரிமப் பொருளிடமிருந்து எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். பறிகொடுத்த பொருள் படிப்படியாகச் சிதைந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறும். துள்ளிய எலெக்ட்ரானோ கம்பி வழியே மற்றொரு மின்வாய்க்குச் செல்லும். வழியில் அதை எண்ணிவிடலாம்!

பிராணவாயுவின் ஒரு மூலக்கூறு ஏற்பது 4 எலெக்ட்ரான்கள். அக்கணக்கில், 1 மில்லிகிராம் பிராணவாயுவுக்கு ஏறத்தாழ 12 கூலும் மின்னேற்றம் ஈடாகும். தூய நீரும் சிறிது மின்னோட்டம் தருமாதலால், அதை முதலில் அளந்து கழித்துவிடுவர். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தார் இம்முறையைச் சோதனைக் கருவிக்குரியதாக வளர்த்தனர். விடை சில நிமிடங்களில் வந்துவிடுகிறது.

இவ்வாறு அளப்பது அழுக்கின் மொத்தத்தையே. இன்ன பொருள் என்று அது சொல்லாது. ஒரு குறிப்பிட்ட பூச்சிமருந்தைத் தேட வேண்டுமானால், அதை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதத்தை மின்வாயின்மேல் பொருத்துவர். மருந்து வந்து ஒட்டியதும் மின்னோட்டம் மாறும். உப்பு நீரில் இன்னொரு தொல்லை உண்டு: குளோரைடும் எலெக்ட்ரானைத் தந்து கணக்கைக் கெடுக்கும். கடலோரக் கழிவுநீரைச் சோதிப்போர் இதை மறத்தலாகாது.